ரொட்டிக் கிடங்கு ஜாஸ்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் சர்க்கரை, அடுத்து முழங்கால், அதற்கப்புறம்தான் பழைய கதை. முதல் இரண்டையும் நீங்கள் பேசி முடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு நான் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். போன மாதம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது ஓர் இளைஞன் தன்னோடு வந்த பெண்ணிடம், இந்த ஊருக்கு ஜாஸ் இப்போதுதான் வந்திருக்கிறது, ஏதோ ஓட்டலில் வெள்ளிக்கிழமைதோறும் வாசிக்கிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தான். எனக்கு வாய் துறுதுறுத்தது. கிழவி வம்புக்கு வருகிறாள் என்று நினைப்பானே என்று அடக்கிக்கொண்டேன். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நம் ஊருக்கு ஜாஸ் என் மாமாவோடு வந்தது. முப்பதுகளில் ஒரு வருஷம். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். நான் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு கோயிலில் முதல் தடவையாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய வருஷம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. தாய் தகப்பனைச் சிறு வயதிலேயே இழந்து அம்மா கையில் சாப்பிட்டு வளர்ந்தவர். அந்தக் காலத்தில் நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராவது சைகோனில் இருப்பார். சுங்கத்திலோ, ஜெயிலிலோ, வரி ஆபீசிலோ பிரெஞ்சு சர்க்கார் வேலை. அப்படித்தான் மாமாவையும் அப்பா ஆளைப் பிடித்துச் சுங்க வேலைக்கு அனுப்பிவைத்தார். சின்ன வயதில் கோயில் பேண்டில் கார்னெட் என்ற சின்ன எக்காளம் ஊதிக்கொண்டிருந்தவர் அங்கே போய் ஒரு ஓட்டலில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் நடத்திய நடன பேண்டைக் கேட்டிருக்கிறார். சுங்கத்தை விட்டுவிட்டார். அந்தப் பிலிப்பைன்ஸ்காரரிடம் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் பிடிலும் மேளமும் கற்றுக்கொண்டு, அவர் ஊருக்குப் போனதும் அந்த பேண்டுக்கே தலைவராகிவிட்டார். இதெல்லாம் எங்கள் வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு சொல்லப்படும் செய்தி. பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத் துரைமார் ஆடுவதை நிறுத்தினார்கள். ஓட்டல்காரர் பேண்டைக் கலைத்துவிட, மாமா கப்பலேறிவிட்டார்.

அப்போது கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சாமானையும் சலங்கு என்ற பெரிய படகில் ஏற்றித் துடுப்புப் போட்டு, கடலுக்குள் நீளும் பாலத்துக்குக் கொண்டுவருவார்கள். அம்மாவும் அப்பா வழிப் பெரியம்மாவும் நானும் பாலத்தில் வெயிலில் நின்றிருந்தோம். சைகோனிலிருந்து வருகிறவர்கள் பட்டும் பீங்கானும் அரக்குப் பெட்டியும் கொண்டுவருவது வழக்கம். பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்ததே அதற்காகத்தான். சலங்கு கிட்டே வந்தபோது மாமா எங்களைப் பார்க்கவில்லை. துடுப்புப் போடுகிறவர்களுக்குத் தாளம் கொடுக்க முன்னால் உட்கார்ந்து பலகையைத் தட்டிக்கொண்டு வந்த சலங்குக்காரரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிகளைப் பாலத்தில் ஏற்றும்போது ஓர் அலை அடித்தது. மாமா பதறுவதற்குள் அந்தச் சலங்குக்காரர் தார்ப்பாயில் சுற்றிய மிகப் பெரிய உருண்டைச் சாமானைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துவிட்டார். இடுப்புவரை அவர் நனைந்தார், அது நனையவில்லை. அது காலால் மிதித்து அடிக்கும் மேளம். மற்ற பெட்டிகளைத் திறந்தால் கார்னெட், கிளாரினெட், பிடில், சாக்ஸபோன். பெரியம்மா கடைசிப் பெட்டியையும் எட்டிப் பார்த்தார். அதில் மேளத்தோடு சேர்ந்த தட்டுகளும் குச்சிகளும்தான் இருந்தன. மாமா அதற்குள் சலங்குக்காரரிடம், எந்த ஊர், இந்தத் தாளத்தை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். குருசுக்குப்பம் என்றும், யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அலை வருகிற மாதிரி தட்டுவது என்றும் அவர் சொன்னார். கூடப் பிறந்தவளை நலம் விசாரிப்பதற்கு முன்னால் சலங்குக்காரரை விசாரித்த தம்பி என்று அம்மா இதைப் பல வருஷம் சொல்லிக் காட்டினாள்.

மாமா எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கினார். காலையில் கார்னெட், வெயில் ஏறினால் கிளாரினெட், மாலையில் பிடில். சாக்ஸபோனைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். ஊதினால் சளி பிடித்த பெரிய மனிதர் ரகசியம் பேசுவது போல இருக்கும். கார்னெட்டின் வாயை மூடித் திறக்க அவரிடம் ஓர் உலோக மூடி இருந்ததாம், கப்பலில் தொலைந்துவிட்டது. அதற்குப் பதில் அம்மா துருவிப்போட்ட தேங்காயின் கொட்டாங்கச்சியை எடுத்து இழைத்து வைத்துக்கொண்டார். அதை வைத்து மூடித் திறந்தால் கார்னெட் அழும், கெஞ்சும், பல்லிளிக்கும். எங்கள் தெருவில் பால் கொண்டுவருகிறவர் இருமுவதைக்கூட ஊதிக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அப்பா சிரிக்கமாட்டார். அவர் செக்ரெத்தேர் துரையின் ஆபீசில் குமாஸ்தா. கவர்னருக்கு அடுத்தபடி ஊரைக் கட்டியாண்ட வெள்ளைக்காரர் அந்தத் துரை. அப்பாவுக்கு மனிதர்கள் இரண்டு வகை: ரெத்ரேத் உள்ளவர்கள், ரெத்ரேத் இல்லாதவர்கள். ரெத்ரேத் என்றால் ஓய்வூதியம் என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மச்சான் எல்லாக் கடையிலும் ஏறி இறங்கிவிட்டு ஒரு கடையிலும் உட்காராதவன் என்பது அப்பாவின் தீர்ப்பு. அம்மாவுக்கு ஒரே ஆசைதான். தம்பி இனிமேல் கப்பல் ஏறக் கூடாது. இதே ஊரில், அவள் கண்முன்னால், கல்யாணம் செய்துகொண்டு இருக்க வேண்டும்.

மாமா ஊரில் இருக்கத் தயார்தான். ஆனால் பேண்டு வேண்டும். ஆள் தேடினார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்த ஒரு தையல்காரர் கிடைத்தார். கோயில் பாட்டுக் குழுவில் பிடில் வாசித்தவர் ஒருவர். கோயில் சுற்றுப்பிரகார ஊர்வலங்களில் தோளில் மாட்டிக்கொண்டு பெரிய குழல் ஊதிய ரொட்டிக் கடைக்காரர் ஒருவர். மேளத்துக்குக் குருசுக்குப்பத்துச் சலங்குக்காரர். மாமாவைச் சேர்த்து ஐந்து பேர். சலங்குக்காரரை மாமா அண்ணே என்று கூப்பிட்டது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சலங்குக்காரர் மாமாவை மிசே என்றுதான் கூப்பிட்டார். துரைமாரையும் கலப்பினச் சட்டைக்காரர்களையும் கூப்பிடுகிற மாதிரி.

பழகுவதற்கு இடம் ரொட்டிக் கடைக்காரருடைய ரொட்டிக் கிடங்கு. விடியற்காலை ரொட்டி சுட்டு விற்றுவிட்டால் மத்தியானம் அடுப்பு ஆறிக்கொண்டிருக்கும், ஆள் இருக்காது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் ரொட்டி வாங்குகிற சாக்கில் போய் மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிடுவேன். நனைந்த சாக்கும் கருகிய ரொட்டி ஓரமும் கலந்த வாசனை. பெரிய குழலை ஊதும்போது அதன் வாயிலிருந்து கொஞ்சம் மாவு பறக்கும். மேளம் அதிர அதிரக் கூரையிலிருந்தும் மாவு கொட்டும். ஐந்து பேரும் கொஞ்ச நேரத்தில் நரைத்துப்போவார்கள். கேட்ட பாட்டுகளை நான் மறந்துவிட்டேன், அந்த மாவு மட்டும் இன்னும் மூக்கில் இருக்கிறது.

இந்தச் சங்கீதம் எப்படி என்று மாமா அவர்களுக்குச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"எழுதி வச்சிருக்கறதை மொதல்ல எல்லாரும் சேர்ந்து வாசிக்கணும். அப்புறம் ஒவ்வொருத்தரா எழுந்து அவங்கவங்க மனசுல இருக்கறதை வாசிக்கணும். ஒருத்தர் பேசறப்ப மத்தவங்க தாங்கிப் பிடிக்கணும். குறுக்க பூரக் கூடாது."

மனசில் இருப்பதை வாசிப்பது என்றால் அந்த நாலு பேருக்கும் வெட்கம். பெரிய குழலில் பூம் பூம் என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லிப் பழக்கமில்லாத ரொட்டிக் கடைக்காரர், தன் முறை வந்ததும் மாப்பிள்ளை மாதிரிச் சிவந்துபோய் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ஊதினார். தையல்காரர் எதை ஆரம்பித்தாலும் சாவு ஊர்வலப் பாட்டில் போய் நின்றுவிடுவார். சலங்குக்காரருக்கு மட்டும் வெட்கமே இல்லை. தன் முறை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பார். தூரத்தில் அலை எழும், வரும், உடையும், நுரை திரும்பிப் போகும். மாமா கார்னெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது மாமா முகத்தில் இருந்தது பொறாமை என்று நான் நினைத்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. மனிதர் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

வெள்ளைக்காரர் கிளப்பில் ஒரு சனிக்கிழமை நடனத்துக்கு வாசித்தார்கள். நன்றாகத்தான் நடந்தது. அடுத்த ஞாயிறு பங்குச் சாமியார் பிரசங்கத்தில், ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்து ஆடுவதற்கு வாசிக்கிறவர்கள் இனிமேல் நற்கருணைப் பவனியிலும் அடக்கத்திலும் வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெயர் சொல்லவில்லை. எல்லாத் தலையும் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. பிடில்காரருக்குக் கோயில் பாட்டு போயிற்று. தையல்காரருக்கும் ரொட்டிக் கடைக்காரருக்கும் சாவுகளும் திருநாள்களும் போயின. சலங்குக்காரர் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர் அல்லர், அவருக்குப் போக ஒன்றும் இல்லை. ஆனால் பழக வருவதற்காக மத்தியானத்துச் சலங்கு வேலையை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஆக நாலு பேரும் மாமாவை நம்பி நட்டாற்றில் இறங்கியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சர்க்கார் பேண்டின் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் வயதாகி பிரான்சுக்குத் திரும்பினார். இடம் காலி. சிப்பாய்களில் தேறுகிறவர்களுக்கு வாத்தியம் கற்றுக்கொடுத்து, கொடியேற்றத்துக்கும் பூங்காவில் மாலை நேரத்திலும் வாசிக்க வேண்டும். மாமா செக்ரெத்தேர் துரையைப் போய்ப் பார்த்தார். தன்னை மட்டும் கேட்கவில்லை. ஐந்து பேரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கொரு வாத்தியம் கற்றுக்கொடுக்கிறோம் என்றார். ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசத் திருநாள் கொண்டாட்டத்தில் பூங்காவில் வாசியுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று துரை சொல்லியனுப்பினார்.

அம்மா அன்றே மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். முதலியார்பேட்டையில் ஒரு பெண்ணும் பார்த்து வைத்தாள்.

கவர்னர் முன்னால் வாசிப்பதென்றால் சப்பாத்துப் போட வேண்டும். சலங்குக்காரரின் கால் அதுவரை சப்பாத்தைக் கண்டதில்லை. அந்த அகலத்துக்குக் கடையில் எதுவும் கிடைக்காமல், மாமா சொல்லித் தைத்துக் கொடுத்தார். மேளத்தின் மிதிகட்டையை வெறுங்காலால் மிதித்துப் பழகியவருக்குத் தோலுக்கு உள்ளே இருக்கிற கால் யாருடைய காலோ என்று ஆகிவிட்டது. தாளம் தவறியது. வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போங்கள், மணலில் நடந்து பழகுங்கள் என்றார் மாமா. குருசுக்குப்பத்துப் பிள்ளைகள் எல்லாம் அவர் பின்னால் ஊர்வலம் போனதாகக் கேள்வி. ஜூலை வருவதற்குள் சப்பாத்து பழகிவிட்டது.

ஜூலை பதினாலு நமக்கெல்லாம் நினைவிருக்கும். வழுக்குமரம், சாக்கு ஓட்டம், கலர் காகித லாந்தர்கள், போலீஸ்காரரின் சிவப்புக் குல்லா. பூங்காவில் மேடை போட்டிருந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் துரைமார்களும் துரைசானிகளும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள். வெயில் தாழ்ந்ததும் ஐந்து பேரும் ஏறினார்கள். ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டு, தையல்காரர் தைத்தது. முதலில் வால்ஸ் வாசித்துவிட்டு ஜாசுக்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாற்காலிகளுக்குக் கீழே சப்பாத்துகள் ஆட ஆரம்பித்தன. தையல்காரர் அன்றைக்குச் சாவு ஊர்வலத்தில் போய் நிற்கவில்லை. ரொட்டிக் கடைக்காரர் திரும்பிக்கொள்ளாமல் நேராக நின்று ஊதினார். பிறகு சலங்குக்காரரின் முறை. அவர் கண்ணை மூடினார். பின்னால் மரத்தடியில் நின்ற குருசுக்குப்பத்துக்காரர்கள் என்ன வருகிறதென்று புரிந்துகொண்டு சீட்டியடித்தார்கள்.

அவர் அலையை எழுப்பிக்கொண்டிருந்தபோதுதான் செக்ரெத்தேர் துரை எழுந்து கையை உயர்த்தினார். விஷயம் இதுதான். வீட்டில் மாமாவைக் கரித்துக்கொட்டிய அப்பா, ஆபீசில் வேறு மாதிரி பேசியிருக்கிறார். என் மச்சான் வாசிக்காத வாத்தியமே கிடையாது என்று பெருமையடித்திருக்கிறார். துரை அதை ஞாபகம் வைத்திருந்தார். கவர்னருக்கு அது காட்டப்பட வேண்டும். எல்லாம் வாசிப்பீராமே, எங்கே பார்ப்போம் என்று மேடையைப் பார்த்துக் கேட்டார். மேளம் பாதியில் நின்றது.

மாமா நாலு பேரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு பிடில்காரரிடம் கை நீட்டினார். பிடிலை வாங்கிக் குழைத்தார். கைதட்டல். கிளாரினெட்டை வாங்கினார், சுழற்றினார். பெரிய குழலை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அதில் பால்காரரின் இருமலை ஊதினார். கவர்னரின் துரைசானி கண்ணீர் வரச் சிரித்தாள். கடைசியாகச் சலங்குக்காரரிடம் கை நீட்டினார். அவர் குச்சிகளைக் கொடுத்துவிட்டு எழுந்து ஓரமாக நின்றார். மாமா அவர் இடத்தில் உட்கார்ந்து இடியாக முழக்கினார். பூங்காவே எழுந்து நின்றது. அம்மா அழுதேவிட்டாள். அப்பா தெரியாத ஆட்களுக்கெல்லாம் கை குலுக்கினார். நாலு பேரும் வெறுங்கையோடு நின்றதை எங்கள் கூட்டத்தில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முடிவு சீக்கிரமே வந்தது. அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போதே வாசலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். வேலை மாமாவுக்குத்தான். ரெத்ரேத் உண்டு. மற்ற நாலு பேர் தேவையில்லை. ஒருவரே எல்லாவற்றையும் வாசிக்கிறார், எல்லாவற்றையும் கற்றுக்கொடுப்பார், அப்புறம் எதற்கு ஐந்து பேர் என்று கவர்னரே சொன்னாராம்.

அம்மா பெரிய மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி வஞ்சிரம் வாங்கிவரச் செய்து சமைத்தாள். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவங்க நாலு பேரும் என்னக்கா செய்வாங்க என்று கேட்டார். நீ முதலில் உட்கார், உட்கார்ந்த பிறகு ஒவ்வொருவராக இழுத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள். உத்தியோகம் கிடைத்த வீடுகளில் எல்லாம் சொல்கிற பேச்சுதான். மாமா தலையை ஆட்டினார். அம்மா முதலியார்பேட்டைக்குச் சொல்லியனுப்பினாள். வீட்டில் எனக்குத் தெரிந்து அவ்வளவு சந்தோஷமான நாள்கள் வேறு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாங்கள் வாசலில் நின்றிருந்தோம். சலங்குக்காரர் வெறுங்காலோடு வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. அம்மா உள்ளே போகச் சொல்லி என்னைப் பார்த்தாள், நான் போகவில்லை.

"சப்பாத்தைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் மிசே" என்றார்.

"உங்களுக்குத் தச்சதுதாண்ணே. வச்சுக்கங்க."

"சலங்குல இதைப் போட்டுக்கினு என்னா பண்றது."

மூட்டையைப் படியில் வைத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"வேலை உங்களுக்கு மட்டும் வந்ததுல எனக்கு வருத்தமில்ல மிசே. ஒருத்தனுக்கு வரும், ஒருத்தனுக்கு வராது. நான் வாசிச்சிக்கினு இருந்தேன். என் முறை அது. அத்தினி பேரு முன்னால என் கையிலேர்ந்து குச்சியை வாங்கினீங்களே, அதை நீங்க செஞ்சிருக்க வேணாம்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மாமாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாமா ஆமாண்ணே என்று மட்டும் சொன்னார். சலங்குக்காரர் அம்மாவுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தெருவோடு போனார். இந்த ஆளுக்கு எவ்வளவு நாக்கு என்றாள் அம்மா. மாமா மூட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அன்று பூராவும் மாடியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மறுநாள் காலை மாமா கோட்டுப் போட்டுக்கொண்டு துரையின் ஆபீசுக்குப் போனார். உத்தரவை வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து அம்மா நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். அங்கே நடந்ததை அப்பாதான் வந்து சொன்னார். அவர் காகிதக் கட்டோடு துரையின் பக்கத்திலேயே நின்றிருந்தாராம்.

துரை உட்காரச் சொன்னதற்கு மாமா உட்காராமல், தனக்கு பிடில் தெரியாது என்று ஆரம்பித்திருக்கிறார். அன்று வாசித்தது நாலு வரி மனப்பாடம். கிளாரினெட்டும் தெரியாது, ஏதோ விரல் போன போக்கு. பெரிய குழலில் இருமத்தான் தெரியும், அதை எல்லோரும் கேட்டார்கள். மேளம் சுத்தமாகத் தெரியாது, தெரிந்தவர் குருசுக்குப்பத்தில் இருக்கிறார். துரை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாராம். அப்படியானால் உமக்கு என்னதான் தெரியும் என்றாராம். கார்னெட் மட்டும் என்றார் மாமா. கார்னெட்டை மட்டும் வைத்துக்கொண்டு நீர் எப்படி பேண்டு நடத்துவீர் என்று துரை கேட்க, அதனால்தான் ஐந்து பேர் கேட்டேன் என்று மாமா சொன்னார். அதற்குப் பிறகு துரை சிரிக்கவில்லை. கவர்னர் முன்னால் தன்னை முட்டாளாக்கிவிட்டதாக மேசையைக் குத்தினார். அப்பாவைப் பார்த்து, உன் மச்சானைப் பற்றி நீ சொன்னது பொய்யா என்று கேட்டார். அப்பா, குடும்பப் பாசத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தார்.

உத்தரவு ரத்தாயிற்று. ஐந்து பேரையும் எடுக்கவில்லை. வேறு யாரோ வந்தார்.

அப்பா கத்திய கத்தலில் தெரு கூடிவிட்டது. அம்மா கத்தவில்லை. மாமா படியேறி வந்ததும் அவர் முன்னால் போய் நின்றாள்.

"உன்னை யாருடா பொய் சொல்லச் சொன்னது?"

"குச்சியை வாங்கினதுதாங்க்கா பொய்" என்றார் மாமா.

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கும்தான் அப்போது விளங்கவில்லை. பல நாள் அவள் அவரோடு பேசாமல் தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். முதலியார்பேட்டைக்காரர்கள் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள்.

மற்றவர்கள் மாமாவைக் கொண்டாடினார்கள் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. தையல்காரர், பைத்தியக்காரத்தனம் என்றார். உட்கார்ந்திருந்தால் வருஷம் கழித்தாவது என்னை இழுத்திருக்கலாமே என்று எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று சண்டை போட்டார். பிடில்காரர் பங்குச் சாமியாரிடம் போய் மன்னிப்புக் கேட்டுக் கோயில் பாட்டில் மறுபடி சேர்ந்துகொண்டார். ரொட்டிக் கடைக்காரர் மட்டும் மாமா கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு அடுப்பு இருக்கு, நான் பிழைச்சுக்குவேன் என்றார்.

ஆபீசுக்குப் போய் வந்த மறுநாள் மத்தியானமே மாமா ரொட்டிக் கிடங்குக்குப் போயிருந்தார். நானும் பின்னால் போனேன். சலங்குக்காரர் வந்திருந்தார், செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. அவர் மேளத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். மாமா கார்னெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முழுதாக வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம்தான் ஊதினார். நெடுநேரம் வாசித்தார்கள். நான் ரொட்டி வாங்க மறந்து வீட்டுக்குப் போய் அடி வாங்கினேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் சைகோனிலிருந்து ஓர் ஆள் வந்து கூப்பிட்டார். வேறொரு ஓட்டல் திறக்கிறார்களாம். மாமா, மேளக்காரரோடு வருகிறேன் என்றார். அம்மா பாலத்துக்கு வரவில்லை. முறுக்கும் மீன் ஊறுகாயும் கட்டிக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் அப்பாவும்தான் போனோம். சலங்கில் அன்று சலங்குக்காரர் பிரயாணி. கூட்டாளிகள் துரை துரை என்று கிண்டல் செய்தார்கள். கொஞ்ச தூரம் சும்மா உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. எழுந்து போய் ஒரு துடுப்பை வாங்கிப் போட ஆரம்பித்தார். மாமா எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அப்பா தொப்பியைக் கழற்றிக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். மச்சான்மேல் அவருக்கும் பிரியம் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சைகோன், ஹனோய், பாங்காக் என்று அவ்வப்போது செய்தி வந்துகொண்டிருந்தது. மாமா பெரிய பேண்டு நடத்துகிறார், ஒவ்வொருவரும் தன் முறைக்கு எழுந்து நின்று வாசிக்கிறார்கள், மேளம் நம் ஊர்க்காரர் என்று அங்கிருந்து திரும்பியவர்கள் சொன்னார்கள். கல்யாணம் செய்துகொண்டாரா என்று அம்மா ஒவ்வொருவரிடமும் கேட்பாள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் வந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. எங்கே எப்படி முடிந்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அம்மா அவருக்குப் பிறகு வெகுகாலம் இருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களில் பழைய ஆட்கள் யாராவது பேச்சோடு பேச்சாக, உங்கள் தம்பி எல்லா வாத்தியமும் வாசிப்பாரே, அந்த ஜூலை பதினாலு மறக்குமா என்று எடுப்பார்கள். அம்மா உடனே, யார் சொன்னது, அவனுக்குக் கார்னெட் மட்டும்தான் தெரியும் என்று வெட்டிவிடுவாள். ஆரம்பத்தில் அதை அப்பாவின் வேலைக்காகச் சொன்னாள். உண்மை துரையின் காதுக்குப் போனால் மறுபடி வம்பு. பிறகு துரை மாறிப்போனார். அப்பா ரெத்ரேத் வாங்கினார், காலமும் ஆனார். பிரெஞ்சுக்காரர்களே கொடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போதும் அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கிறவர்கள் கிழவிக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் யாருக்கு பயந்து இப்படிச் சொல்கிறாய், மாமா ஐந்து வாத்தியம் வாசித்ததை நாம் இரண்டு பேரும்தானே கண்ணால் பார்த்தோம் என்று கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அவன் வாயால சொல்லிட்டுப் போனது அது. நான் மாத்திச் சொன்னேன்னா, அவன் என்னை விட்டுட்டுப் போனது எதுக்கு?"